கண்ணுக்குள் நின்ற ஆள்

நம்மில் பலர் அந்தக் காலத்து ஸ்டுடியோவில் ஒரு தடவையாவது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்போம். பின்னால் படிக்கட்டும் பூந்தொட்டியும் வரைந்த திரை. பக்கத்தில் ஒரு முக்காலி. எதிரே கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவர். அந்த ஒருவர் எனக்கு அப்பா. புதுக்கோட்டையில் எங்கள் வீட்டின் முன்பாதி ஸ்டுடியோ, பின்பாதியில் நாங்கள் மூன்று பேர். சுதந்திரம் வந்த வருஷம் பிறந்தவள் நான். இதெல்லாம் நடந்தபோது எனக்குப் பதினோரு வயது.

அப்பா படம் எடுப்பார். அதைத் திருத்துவது அம்மா. இது வெளியே யாருக்கும் தெரியாது. அடுப்படிக்கு அடுத்த சன்னலோரம் ஒரு சாய்வுப் பலகை இருந்தது. அதன் நடுவில் சதுரமாக வெட்டி மங்கல் கண்ணாடி பதித்திருந்தார்கள். அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வெயிலை வாங்கி மேலே அனுப்பும். அந்த வெளிச்சத்தில் நெகட்டிவை வைத்து, உப்புத்தாளில் தேய்த்து ஊசி மாதிரி ஆக்கிய பென்சிலால் அம்மா புள்ளி புள்ளியாக வைப்பாள். அப்போது அவளிடம் யாரும் பேசக் கூடாது. அம்மைத் தழும்போடு வந்த பெண்ணின் படம் தழும்பில்லாமல் வெளியே போகும். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டார் படத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டு, பெண்ணை நேரில் பார்த்ததும் எங்கள் கடை வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். "வெளிச்சம் அப்படிங்க" என்றார் அப்பா. எதைக் கேட்டாலும் அவரிடம் அந்த ஒரு பதில்தான்.

பள்ளிக்கூடம் விட்டிருந்த கோடை அது. அப்பா சின்னக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கீரனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஸ்டுடியோவில் பெரிய கேமரா மூன்று காலில் தனியாக நின்றது. நான் கறுப்புத் துணிக்குள் நுழைந்துகொண்டேன். உள்ளே அப்பாவின் தலையெண்ணெய் வாசனையும், எப்போதும் அவர் விரலில் இருக்கும், படம் கழுவுகிற மருந்தின் நெடியும். கேமராவின் துருத்தி, ஆர்மோனியத்துக்கு இருப்பது போல மடிப்பு மடிப்பாக இருக்கும். அதை முழுக்க இழுத்துவிட்டு, கையில் கிடைத்த ஒரு பாகற்காயை லென்சுக்கு மிகப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தேன். முன்னும் பின்னும் நகர்த்த நகர்த்த, கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் மூட்டமாகத் தெரிந்தது ஒரு இடத்தில் சட்டென்று தெளிந்தது. தலைகீழாக ஒரு மலை. பள்ளமும் மேடும் முகடுமாக, மனிதக் கால் படாத மலை.

அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து துணிக்குள் தலையை விட்டவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

"இது பாவக்காயா?" என்றாள் உள்ளேயிருந்து.

அன்றைக்குப் பிடித்தது எங்கள் இரண்டு பேருக்கும் பைத்தியம். முதலில் படம் பதிகிற கண்ணாடி பிளேட் வீணாகிறது என்று முணுமுணுத்த அப்பாவும் இரண்டு நாளில் எங்களோடு சேர்ந்துகொண்டார். தேங்காயின் மூன்று கண், கோழிக்கால், வற்றிப்போன ஊருணியிலிருந்து பெயர்த்து வந்த வெடித்த களிமண் என்று எல்லாவற்றையும் லென்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்தோம். அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். பாகற்காய் மலையை வெட்டி ஒட்டினாள். மேலே பஞ்சை மேகமாக வைத்தாள். பழைய படம் ஒன்றிலிருந்து குடையோடு என்னைக் கத்தரித்து உச்சியில் நிறுத்தினாள். விளிம்பு தெரியாமல் பென்சிலால் தீற்றினாள். மொத்தத்தையும் மறுபடி ஒரு படம் எடுத்தார் அப்பா. புதுக்கோட்டையைத் தாண்டாத நான் ஏதோ ஒரு மலையில் நின்றேன். கடைக்கு வந்த ஒருவர், "கொடைக்கானலா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றார் அப்பா. உள்ளே நானும் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஒரு மதியம் அம்மாதான் சொன்னாள், "இவ கண்ண எடுங்களேன்."

தலை ஆடாமல் இருக்கப் பின்னால் இரும்புக் கவ்வியை வைத்து, தாடையை ஸ்டூலில் தாங்கி உட்கார்ந்தேன். "மூணு எண்ணுற வரைக்கும் இமைக்காத" என்றார் அப்பா. என் கண் எரிந்தது. லென்சின் மூடியைக் கழற்றி மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே அவர் எண்ணினார்.

பிரிண்ட் போட்டபோது ஒரு தாள் முழுக்க ஒரே ஒரு கண். ஒவ்வொரு இமை முடியும் கோரைப் புல் மாதிரி. அதைக் கயிற்றில் கிளிப் போட்டுக் காயவிட்டார்கள். தாள் காயக் காய ஓரம் சுருண்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கண் கொஞ்சம் கொஞ்சமாக மூடுவது போலிருந்தது. பக்கத்தில் போனேன். கருவிழிக்குள் கம்பி போட்ட சன்னல் ஒன்று தெரிந்தது. அதன் முன்னால் மூன்று காலில் ஏதோ ஒன்று. அதன் பக்கத்தில் முக்காடு போட்ட ஆள் ஒருவன், கையை ஓங்கியபடி.

"யாரும்மா அது?"

"ஒங்கப்பாதான். கறுப்புத் துணியத் தலையிலயே விட்டுக்கிட்டு நிக்கிறாரு பாரு. கையில மூடி."

தெரிந்த பிறகும் படம் காயும் அந்த அறைக்குள் தனியாகப் போக எனக்குக் கால் வரவில்லை.

அதற்கு ஒரு வாரம் கழித்து, காலை பஸ்ஸில் ஒரு குடியானவர் வந்தார். நார்த்தாமலைக்கு அங்கிட்டு அவர் ஊர். பேர் வேண்டாம். அவருடைய மகள் வயல் கிணற்றில் விழுந்து இறந்துபோயிருந்தாள். எடுத்துப் போவதற்கு முன்னால் ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். ஒரே பெண். உயிரோடு இருந்தபோது ஒரு படமும் எடுத்ததில்லை. அப்பா அவரோடு போனார். மதியம் திரும்பி வந்தவர் சாப்பிடவில்லை.

பிளேட்டைக் கழுவியபோது நானும் பார்த்தேன். நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். புதுப் பாவாடை, பொட்டு, இரண்டு பக்கமும் பூ. வாரிவிட்ட தலைமுடி இன்னும் ஈரமாகவே இருந்தது. என் வயதுதான் இருக்கும். கண் மூடியிருந்தது.

"கண்ணத் தெறந்து வச்சுக் குடுக்கச் சொல்றாங்க" என்றார் அப்பா.

இது எங்கள் கடைக்குப் புதிதில்லை. வயசானவர்கள் படம் என்றால் அம்மா இமைக்கு மேலே இரண்டு கண் வரைந்துவிடுவாள். யாரும் குறை சொன்னதில்லை. இந்தப் பெண்ணுக்கு மூன்று தடவை வரைந்தாள். மூன்றும் சரியாக வரவில்லை. காரியம் முடிந்து தாயும் தகப்பனும் படம் வாங்க வந்தார்கள். அந்தத் தாய் படத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

"இது எம்புள்ள பாக்குற பார்வை இல்லங்க. பொம்மை பாக்குற மாதிரில்ல இருக்கு."

வெறுங்கையோடு அவர்கள் போன பிறகு அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் நுங்கு தின்றுகொண்டிருந்தேன்.

"வேண்டாங்க" என்றாள் அம்மா, அவர் வாயைத் திறக்கும் முன்னாலேயே. "உசுரோட இருக்க புள்ள."

"கண்ணுதான? யாருக்குத் தெரியப் போவுது?"

அம்மா அதற்குமேல் பேசவில்லை. அப்பா சொல்லை மீற முடியாமல் அடங்கிப் போனாள் என்றுதான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மூன்று தடவை தோற்றது அவளை அரித்துக்கொண்டிருந்தது. நாலாவது தடவை சரியாக வருமா என்று பார்க்க அவளுக்கே ஆசை இருந்தது. பாகற்காயை மலையாக்கிய கை அது.

அந்தப் பெண்ணின் தலை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்ததோ அதே அளவுக்கு என் தலையைச் சாய்த்தார்கள். "அம்மாவ ரொம்ப நாள் கழிச்சுப் பாக்குற மாதிரி பாரு" என்றார் அப்பா. பார்த்தேன். அந்தப் படத்திலிருந்து என் இரண்டு கண்ணையும் அம்மா பிளேடால் அறுத்தெடுத்து அந்தப் பெண்ணின் முகத்தில் ஒட்டினாள். அதை அப்பா மறுபடி படமெடுத்துப் பெரிதாக்கித் தர, ஒட்டு தெரியாமல் இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தினாள். கருவிழிக்குள் விழுந்திருந்த சன்னல் வெளிச்சத்தை மட்டும் தொடவில்லை.

"அத எடுத்துட்டா மறுபடி பொம்மையாயிரும்" என்றாள்.

தாயும் தகப்பனும் மறுபடி வந்தார்கள். சட்டம் போட்ட படத்தை அந்தத் தாய் மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"இப்பப் பாக்குறா" என்றார்.

தலையை நிமிர்த்தியவர் நிலைப்படியில் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் உள்ளே ஓடிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு தொந்தரவு. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போதெல்லாம், அங்கே என் கண் திறந்தே இருக்கிறது என்ற நினைப்பு வரும். நான் பார்க்காத ஒரு வீட்டில், பார்க்காத ஒரு சுவரிலிருந்து அது எதைப் பார்த்துக்கொண்டிருக்கும்? ஒரு நாள் உப்புத்தாள் தேடி அம்மாவின் பலகைக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்தேன். மேலாக என் முகம் கிடந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. அதன் வழியே பெட்டியின் அடிமரம் தெரிந்தது. மூடி வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். அந்தக் குடியானவர் தனியாக வந்தார். துண்டில் சுற்றிக் கொண்டுவந்த படத்தை மேசைமேல் வைத்துப் பிரித்தார்.

"அய்யா, இந்தக் கண்ணுக்குள்ள பாருங்க."

"என்னங்க?" என்றார் அப்பா.

"ஒரு ஆள் நிக்கிறான். முக்காடு போட்டிருக்கான். கைய ஓங்குறான். எம் பொஞ்சாதிதான் மொதல்ல பாத்தா. தெனமும் படத்துக்கிட்டயே மொகத்த வச்சுக்கிட்டுக் கெடந்தா. அப்பறம் ஊரே வந்து பாத்துருச்சு. சாகுறப்பக் கடைசியாப் பாத்தது கண்ணுல தங்கிருமாம்ல. மூடுன அவ கண்ணத்தான நீங்க தெறந்து வச்சீங்க."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு அப்பாவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"அது வெளிச்சம்ங்க" என்றார்.

"வெளிச்சத்துக்குக் கை இருக்குமா?"

வந்தவர் குரலை உயர்த்தாமல் பேசினார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு கீதாரி, வயலில் எருவுக்காக ஆட்டுக்கிடை போட வந்திருக்கிறார். எந்நேரமும் கம்பளியை முக்காடு போட்டுத் திரிகிற ஆள். பிள்ளை விழுந்த அன்றைக்குக் கிணற்றுப் பக்கம்தான் ஆடு மேய்த்தார்.

"புடிச்சு மண்டபத்துல ஒக்கார வச்சிருக்கோம். ஒண்ணும் தெரியாதுங்கிறாரு. போலீசுக்குப் போறதுக்கு முந்தி மொகம் தெரியணும். இந்தக் கண்ண மட்டும் பெருசு பண்ணிக் குடுங்க."

"நாளைக்கழிச்சு வாங்க" என்றார் அப்பா.

"வாரேன். அதுவரைக்கும் அவரு எங்கிட்டும் போகமாட்டாரு."

அவர் போன பிறகு அடுப்படியில் பேச்சு நடந்தது. அந்த உருவத்தை அழித்துவிட்டு வேறு பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றார் அப்பா.

"அழிச்சுக் குடுத்தா? ஊரே ஏற்கனவே பாத்துட்டாங்க. அந்த ஆளுக்கு என்ன ஆகும்?"

"நமக்கு என்ன ஆகும்னு பாரு. ஒரு படத்துல புளுகுனான்னு தெரிஞ்சா அப்பறம் எவன் வருவான்?"

அம்மா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கி முடித்த பிறகும் கை தட்டிலேயே அலைந்தது. அப்பாவைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். செத்த பிள்ளையின் தாய்க்கு ஆறுதலாக ஒன்று செய்தோம் என்று மனசார நம்பியவர் அவர். அந்த ஆறுதல் எங்கோ ஒரு மண்டபத்தில் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறது என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. அல்லது ஏறியதால்தான் அப்படிப் பேசினாரோ என்னவோ.

மறுநாள் காலை அப்பா மருந்து வாங்கத் திருச்சிக்குப் பஸ் ஏறினார். அவர் தெரு முனை திரும்பியதும் அம்மா புடவை மாற்றிக்கொண்டாள். பெட்டியிலிருந்து சிலவற்றை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றினாள். "வா" என்றாள் என்னிடம்.

பஸ்ஸை விட்டு இறங்கி வயல் வழியாக நடந்தோம். அறுப்பு முடிந்த தரிசு. வழியில் ஒரு கிணறு இருந்தது. சுற்றுச்சுவர் இல்லை. அம்மா என்னை அந்தப் பக்கம் பார்க்கவிடாமல் மறுகைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டாள். மாற்றிப் பிடித்ததால்தான் அது எந்தக் கிணறு என்று எனக்குத் தெரிந்தது.

மண்டபத்தில் ஒரு பெரியவர் குந்தியிருந்தார். கை கட்டியிருந்தது. கீழுதட்டில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அவருடைய கம்பளியைப் பிடுங்கித் தூணில் மாட்டியிருந்தார்கள். அது ஒரு ஆள் நிற்பது போலவே தொங்கியது. சின்னப் பிள்ளைகள் சற்றுத் தள்ளி நின்று பெரியவரைப் பார்க்காமல் அந்தக் கம்பளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குள் இருட்டு. சன்னல் கிடையாது. உள்சுவரில் படம், மாலை, கீழே விளக்கு. முதல்முறையாக அவளுக்கு எதிரே நின்றேன். என் கண் என்னைப் பார்த்தது. நான் இமைத்தேன். அது இமைக்கவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா நின்றபடியே சொன்னாள். கண் வரைந்தது, சரியாக வராதது, என் கண்ணை வெட்டி வைத்தது, எல்லாம். வாசலில் கூடிவிட்ட கூட்டத்தில் ஒருவர், "கீதாரி வீட்டு ஆளுக போயி ஒங்களக் கூட்டியாந்தாகளா?" என்று கேட்டார்.

அம்மா செய்தித்தாளைப் பிரித்து என் முகத்தை எடுத்துக் காட்டினாள். இரண்டு ஓட்டை வழியாகவும் வாசல் வெயில் வந்தது. கேட்டவர் ஒரு எட்டுப் பின்னால் போனார். பிறகு அந்த ஒற்றைக் கண் படத்தை விரித்தாள்.

"பெருசு பண்ணிக் கேட்டீகளே, இந்தாங்க. இது எங்க வீட்டுச் சன்னல். இது கேமரா. முக்காடு போட்டு நிக்கிறது எங்க வீட்டுக்காரரு. கையில இருக்கிறது லென்சு மூடி."

தாள் கை மாறிக் கை மாறிப் போனது. அந்தத் தாய் மட்டும் அதைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாணியும் மஞ்சளும் மணக்கும் உள்ளங்கையால் என் மூக்கையும் வாயையும் மூடினார். நெற்றியை மறு கையால் மறைத்தார். கண் மட்டும் மிஞ்சியது.

"என்னயப் பாரு ஆத்தா."

பார்த்தேன். எனக்கு மூச்சு முட்டியது. அவர் என்னைப் பார்த்தார், திரும்பிப் படத்தைப் பார்த்தார், மறுபடி என்னை. எத்தனை தடவை என்று தெரியாது. கடைசியில் அந்தக் கை தானாகத் தளர்ந்து என் தோளில் விழுந்தது.

"இவ கண்ணுதான்" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "அவர அவுத்து விடுங்க."

அவிழ்த்துவிட்டார்கள். பெரியவர் எழுந்து நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தூணிலிருந்த கம்பளியை எடுத்தார். அந்த வெயிலிலும் அதைத் தலையில் போடவில்லை. மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

"ஆடுக எங்கிட்டுப் போச்சுன்னு யாராச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

அவர் தரிசுப் பக்கம் நடந்து போனார்.

உள்ளே அந்தத் தாய் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். "எங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"சொல்லியிருக்கணும்" என்றாள் அம்மா.

"கண்ணு மூடுன படம் இருக்கா?"

இருந்தது. அம்மா கொண்டுவந்த செய்தித்தாள் கட்டுக்குள் கடைசியாக அதுதான் இருந்தது. பென்சில் படாத பிரிண்ட். அந்தத் தாய் கழற்றிய படத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இதை வாங்கி மகளின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று நான்கு தடவை கூப்பிட்டார். அதுவரைக்கும் அந்தப் பெண்ணின் பேர் எனக்குத் தெரியாது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா பத்துப் பதினைந்து நாள் அம்மாவோடு பேசவில்லை. அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து எங்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவது நின்றுபோனது. அம்மா தழும்பு திருத்துவதை விடவில்லை, ஆனால் யாருடைய கண்ணிலும் அதற்குப்பின் பென்சில் வைக்கவில்லை. நாங்கள் யாரும் துருத்தியை அந்த அளவுக்கு இழுக்கவுமில்லை. திரும்பக் கொண்டுவந்த படத்தை அம்மா பிளேட் அலமாரிக்குப் பின்னால் முகம் சுவரைப் பார்க்க வைத்திருந்தாள். கிழிக்க அவளுக்குக் கை வரவில்லை. அப்பாவுக்குப் பிறகு வீட்டை விற்றபோது தேடிப் பார்த்தேன். பழைய பிளேட்டுகளை எல்லாம் கழுவிக் கண்ணாடியாகச் சட்டம் போட எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாகற்காய் மலையும் அப்படித்தான் போயிருக்கும். அந்தப் படம் மட்டும் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கீதாரியின் ஆடுகள் கிடைத்தனவா என்பதும் தெரியாது. அன்றைக்கு அதைக் கேட்க வேண்டும் என்று எங்களில் யாருக்குமே தோன்றவில்லை.

அன்று மதியம் ரோட்டோரம் புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றோம். கழற்றிய படத்தை, அதன் முகம் தன் பக்கம் இருக்கும்படி அம்மா மார்போடு அணைத்திருந்தாள். வயலுக்குள்ளிருந்து யாரோ வேகமாக வருவது தெரிந்தது. அந்தத் தாய்தான். தனியாக வந்தார். அம்மா என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அவர் கிட்டே வந்து நின்றார். மூச்சு வாங்கியது. கையை நீட்டவில்லை, என்னைத் தொடவில்லை.

"ஒம் பேரு என்ன ஆத்தா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். நாக்கு நுனியில் வந்து நின்றது என் பேர் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்த வீட்டில் கேட்ட பேர். எப்படி வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை. அதை அப்படியே விழுங்கிவிட்டு, யோசித்து, என் பேரைச் சொன்னேன்.

அந்த அம்மா அதை ஒரு தடவை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பஸ் வந்தது.